புத்தியில்லாதவன் ஓட்டு

வர்ஜீனியா மலையடிவாரத்தில் ஜெத்ரோ என்றொரு செருப்புத் தைப்பவன் இருந்தான். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. குடியிருந்தது கர்னல் பிரெஸ்காட்டின் வீட்டில்; ஊரில் பாதிப்பேர் அவர் வீடுகளில்தான் வாடகைக்கு இருந்தார்கள். 1830-இல் சட்டம் மாறி, வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரனுக்கும் ஓட்டு வந்தது. அப்போதெல்லாம் வாக்குச்சீட்டு ஏது? வேட்பாளர் எதிரிலேயே நின்று, பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

தேர்தலில் நின்ற கர்னல் முந்தின நாளே வந்து மிரட்டினார். "என் பெயரைச் சொல். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்."

மறுநாள் ஓட்டுப் போடும் கோர்ட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. ஜெத்ரோ பணிவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"துரை, நிலமில்லாதவனுக்குப் புத்தியும் இல்லை, அவனுக்கு ஓட்டுக் கொடுக்காதீர்கள் என்று போன வருஷம் சபையில் பேசினீர்களே. பெரியவர் வாக்குப் பொய்யாகுமா? ஒரு முட்டாளின் ஓட்டு விழுந்தால் உங்கள் கௌரவம் என்ன ஆவது? அந்த அவமானம் எதிராளிக்கே போகட்டும். என் ஓட்டு மாவு மில்காரர் ஹென்லிக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கர்னலின் முகம் சிவந்தது. அடுத்து வண்டிக்காரன் முன்னே வந்தான்.

"எனக்கும் புத்தி மட்டுதான் துரை. ஹென்லி!"

பின்னாலேயே கொல்லன், தச்சன் என்று ஒவ்வொருவராக வந்து, தாங்கள் முட்டாள்கள்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். ஹென்லி ஜெயித்தார்.

ஜெத்ரோ அதே வீட்டில்தான் இருந்தான். ஒரு முட்டாளைக் காலி செய்யலாம். பாதி ஊரைக் காலி செய்ய முடியுமா?