மீன் வாடை வீசிய காவடி

கதைக்குள் போகும் முன் ஒரு கட்டுப்பாட்டைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பழநிக்கு நடந்துபோன இந்தக் கூட்டத்தில் காவடியைத் தரையில் இறக்கக் கூடாது. தோள் மாற்றலாம், களைத்தால் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கலாம். ஆனால் நேர்ந்துகொண்டவர் வழியில் ஓரடிகூட விடாமல், தன் காவடியோடு தானே நடந்து கடக்க வேண்டும். முன்னே போன காவடி பின்னே திரும்பவும் கூடாது. தவறினால் ஊருக்குப் போய் முதலிலிருந்து நடக்க வேண்டியதுதான்.

வெள்ளைத்தாயிக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பனையிலிருந்து விழுந்த மகன் எழுந்து நடந்தால் காவடி எடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நேர்ந்துகொண்டவள். மகன் எழுந்துவிட்டான், இடது கால் மட்டும் இன்னும் இழுக்கிறது. நேர்த்தியில் பிசகு வந்தால் அந்தக் கால் அப்படியே நின்றுவிடுமோ என்பதுதான் வழியெல்லாம் அவளுக்கு நினைப்பு. ஊருக்குத் திரும்பினால் இந்தத் தைப்பூசமும் போய்விடும்.

அன்று உச்சி வெயிலில் அவளும் அவள் நாத்தனார் அங்கம்மாவும் கூட்டத்துக்குப் பின்தங்கி வந்தார்கள். ஆளுக்கொரு காவடி. சாலையோரம் வேறு ஊர் நடைக்காரி ஒருத்தி சுருண்டு கிடந்தாள். நாக்கு வறண்டிருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

"பொம்பள ஆளு ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ஏறுங்கம்மா. நான் வண்டியப் பாப்பேனா, இவங்களப் பாப்பேனா?" என்றான் ஓட்டுநர்.

"மதினி, என் காவடியக் கொஞ்சம்..." என்று வெள்ளைத்தாயி திரும்பினாள்.

"எந்தத் தோள்ல தாயி வைக்க? என்னுதே இருக்குல்ல. ரெண்டையும் தூக்குனா ஒண்ணு தரையில பட்டுரும். முன்னால போயி ஆளுகளுக்குச் சொல்றேன்." அங்கம்மா நடந்துவிட்டாள். சொன்னபடி முன்னால் போய்ச் சொல்லவும் செய்தாள்.

அந்த நேரம் டிவிஎஸ் வண்டியில் ஐஸ்பெட்டியோடு வந்தான் சேவுகன். கண்மாய் மீன் விற்பவன். சட்டையெல்லாம் செதில். வெள்ளைத்தாயி ஒரு கணம் தயங்கினாள். பிறகு காவடியை நீட்டினாள்.

"அண்ணே, இதப் பிடிங்க. தரையில மட்டும் பட்டுறக் கூடாது. வந்துருவேன்."

சேவுகன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு மருந்து ஏறி, அவள் கண் விழித்துத் தன் ஊர்ப் பேரைச் சொல்லும்வரை வெள்ளைத்தாயி பக்கத்திலேயே இருந்தாள். அதே ஆட்டோவில் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சேவுகன் விட்ட இடத்திலேயே நின்றான். பத்தடி முன்னால் வேப்பமரம், கீழே நல்ல நிழல். இவனோ ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தாரில் ஊன்றிக்கொண்டிருந்தான். ஐஸ்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி நின்றே போயிருந்தது.

"நெழலுக்குப் போயிருக்கலாமேண்ணே? கெளையிலயாவது மாட்டியிருக்கலாம்."

"மாட்டலாம்னு நீங்க சொல்லலையே. இது ஒங்க நடை தாயி. நான் எப்படி முன்னால கொண்டு போக?"

"அய்யோ, மீனெல்லாம் போச்சே!"

"அது காலையிலயே செத்த மீனுதான்" என்று சிரித்தபடி காவடியைக் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான். வெள்ளைத்தாயி காவடியைத் தோளில் வைத்து, அதே இடத்திலிருந்து அடியெடுத்து வைத்தாள்.

சாயங்காலம் தங்கல் மண்டபத்தில் அங்கம்மா மூக்கைச் சுளித்தாள். "சாமி, இவ ஆட்டோவுல ஏறுனா. காவடி மீன்காரன் கையில இருந்துச்சுன்னு இவளே சொல்றா. மோந்து பாருங்க! நேர்த்தி முறிஞ்சிருச்சு, நாளைக்கே ஊருக்கு அனுப்புங்க."

கூட்டத்தை நடத்திவந்த குருசாமி சங்கரலிங்கம் காவடிக் கழியை முகர்ந்தார். வாடை இருந்தது. வெள்ளைத்தாயிக்கு மகனுடைய இடது கால்தான் கண்ணில் நின்றது. குருசாமி நடந்ததை முழுதும் கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். அதையே உங்களிடமும் கேட்கிறேன். நேர்த்தி முறிந்ததா? நிற்காமல் நடந்தவள், ஆட்டோவில் ஏறிப் போனவள், நகராமல் நின்றவன், இந்த மூவரில் மேலான காரியம் செய்தது யார்?

விடை: நேர்த்தி முறியவில்லை. ஆட்டோவில் போனது வெள்ளைத்தாயி, காவடி போகவில்லை. அவள் நடக்க வேண்டிய வழியில் ஓரடியும் குறையவில்லை. அங்கம்மா செய்ததில் தப்பில்லை, தான் நேர்ந்ததைக் காத்தாள். மகன் காலை நினைத்துக்கொண்டே காவடியை நீட்டிய வெள்ளைத்தாயி அவளுக்கு ஒரு படி மேல். ஆனால் சேவுகன் நிழலைத் தேடிப் பத்தடி போயிருந்தால் அந்தப் பத்தடி அவள் காவடியோடு நடக்காத வழியாகியிருக்கும். காவடியைப் பின்னே கொண்டுவரவும் முடியாது. மற்ற இருவருக்கும் முருகனிடம் கேட்க ஒன்று இருந்தது, அவனுக்கு இல்லை. அவன்தான் மேல். இதைச் சொல்லிவிட்டு, கழியைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போன வெள்ளைத்தாயியைக் குருசாமி தடுத்தார்.

"அப்ப மலை வரைக்கும் இந்த வாடையோடவா சாமி?" என்றாள் அங்கம்மா.

"ஆமா. யார் பிடிச்ச காவடின்னு முருகனுக்கும் தெரியட்டும்."