ஈரப் புல்லின் பிடி

மலையூர்ப் பள்ளி ஒன்றின் கொட்டகையில் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் அடிவயிற்றில் சுழலும் கத்திக்கு அது பதினோராவது வருஷம்.

பள்ளித் தோட்டக்காரர் லூர்துராஜ் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து கத்திக்குப் பழைய நினைப்புதான். வாரம் தவறாமல் அவர் இயந்திரத்தைச் சாய்ப்பார். ஒட்டிய புல்லைச் சுரண்டுவார். அரம் போடுவார். நடு ஓட்டையில் ஆணியைக் கொடுத்துத் தொங்கவிட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். அந்த அரத்தின் சத்தத்தை நினைத்தால் கத்திக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும்.

இப்போது அந்த வேலை அமலோற்பவத்துக்கு வந்திருந்தது. இத்தனை வருஷமும் அவர் பின்னால் புல் வாரியவள். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள், ஈரப் புல் சிக்கி இயந்திரம் திணறி நின்றுவிட்டது.

"நாளைக்கு விழா. இன்னைக்குப் பாத்தா மக்கர் பண்ணுவ?" என்று அவள் இயந்திரத்தைச் சாய்த்தாள். கையுறைகூட மாட்டாமல், சிக்கிய புல்லைப் பிடித்து இழுத்தாள்.

கத்தி பதறிப்போய், எஞ்சினைக் கிளப்பப் பொறி கொடுக்கும் பிளக்கைக் கூப்பிட்டது. "பிளக்கே! அவ உன் வயரைக் கழட்டல. நான் ஒரு சுத்து சுத்தினா நீ பொறி விடாம இருப்பியா?"

"நீ சுத்தினா எஞ்சினும் சுத்தும், எனக்குப் பொறி வந்துடுமே. அது என் கையில இல்ல," என்றது பிளக்.

கத்தி புல்லிடம் கெஞ்சியது. "என்னை விட்டுடாதீங்க. இறுக்கிப் பிடிச்சுக்குங்க."

"இத்தனை வருஷம் எங்களை வெட்டின நீயா கேக்குற?"

"ஆமா. நான்தான் கேக்குறேன்."

"எங்க மேல பனி விழட்டும், மழை விழட்டும். அவ ரத்தம் விழ வேணாம்," என்று சொல்லிப் புல் அச்சைச் சுற்றி இறுகிக்கொண்டது.

அமலோற்பவம் இழுத்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் பிளக்கில் மாட்டியபடியே இருந்த வயர் கண்ணில் பட்டது.

"ஐயோ மாதாவே! அவரு முதல்ல இதைத்தானே கழட்டுவாரு!"

வயரைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு குச்சியால் புல்லை நெம்பினாள். சிக்கல் விட்டதும் கத்தி சடாரென்று அரைச் சுற்று சுற்றி நின்றது.

அவள் தன் விரல்களைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் அவள் அவசரப்படவில்லை. கத்தியைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். போல்ட் ஓட்டையை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல். ஓட்டினால் தெறித்துவிடும். சுழலாதபடி மரக்கட்டையை அணைகொடுத்துக் கத்தியைக் கழற்றினாள். "நல்லா உழைச்ச," என்று தடவிக்கொடுத்து, யார் கையையும் கிழிக்காதபடி சாக்கில் சுற்றி வைத்தாள். கொட்டகையில் இருந்த புதுக் கத்தியைப் பூட்டி, கடைசியாக வயரை மாட்டினாள்.

புதுக் கத்திக்கு ரோஷம் வந்தது. "என்னைத் தொடுறப்பெல்லாம் இந்த வயரைக் கழட்டிடுவாங்களாமே. என் மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

சாக்குக்குள்ளிருந்து பழைய கத்தி சொன்னது: "நீ வெட்டுவங்கிறதுல அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்ல. அதான்."