ஒரே ஒரு ரெய்னா

ஸ்பெயின் நாட்டில் ராணிக்கு ‘ரெய்னா’ என்று பெயர். மீன்காரி பெத்ராவோ, மத்தி வாங்க வரும் பெண்கள் எல்லாரையும் “வாடி என் ரெய்னா!” என்றுதான் கூப்பிடுவாள்.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. அவளை ராணியின் சபைக்கு இழுத்துவரச் செய்தார். “நாட்டுக்கு ஒரே ரெய்னாதான். வேறு பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் சிறை!”

“யார் கூப்பிட்டாலுமா, எஜமான்?”

“யார் கூப்பிட்டாலும்!”

பெத்ரா சட்டென்று அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அலறினாள். “ஐயையோ, உங்க வீட்டம்மா மயங்கி விழுறாங்க!”

“என் ரெய்னா!” என்று பதறித் திரும்பினார் மந்திரி.

அவர் மனைவி குத்துக்கல்லாட்டம் நின்றிருந்தாள். முகம் மட்டும் சிவந்திருந்தது.

சபையே சிரித்தது. ராணி மட்டும் சிரிக்கவில்லை. “இவ்வளவு ஆசையாக என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லையே” என்றாள்.

மறுநாள் காலை மீன்கடையில் கூடையோடு வந்து நின்றாள் ராணி.

“வாடி என் ரெய்னா!” என்றாள் பெத்ரா.