ஆளுக்கொரு ஆபத்து

கோயமுத்தூருக்குக் கிழக்கே, பம்பு செட்டுகளுக்கு இரும்பு வார்த்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. அதில் மருதாசலம், நாச்சிமுத்து, காளியண்ணன் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் சோம்பேறிகள் இல்லை, திருடர்கள் இல்லை, எதிர்த்துப் பேசுகிறவர்களும் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

அவர்களுடைய மேஸ்திரி சென்னியப்பன் தங்கமான மனுஷன். அந்த வருஷம் பட்டறையில் யார் காலிலாவது ஏதாவது பட்டுக்கொண்டே இருந்தது. வெறுங்காலோடு இரும்பு தூக்கினால் வேறென்ன ஆகும்? ஒருநாள் முதலாளி எல்லோர் முன்னாலும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"சென்னியப்பா, இனிமேல் இந்தப் பட்டறைக்குள்ள எவன் கால்லயாவது ரத்தத்தைப் பார்த்தேன்னா, அன்னைக்கோட உன்ற வேலை போச்சு."

மேஸ்திரிக்கு வேறு தொழில் தெரியாது. கல்யாணத்துக்கு மகள் வேறு காத்திருந்தாள். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து மூன்று பேரும் எப்படியாவது அவர் வேலையைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். மூளைதான் கொஞ்சம் மட்டு, பாசத்துக்குக் குறைவில்லை.

அன்று உலையை விட்டு நகர முடியாததால், மேஸ்திரி மூவரையும் டவுனுக்கு அனுப்பினார். "கடைக்காரர்கிட்ட என்ன ஆபத்துன்னு சொல்லுங்க. ஆபத்துக்குத் தக்கன பூட்ஸா, ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

கடைக்காரர் பொறுமைசாலி. முன்பக்கம் இரும்பு மூடி வைத்த பூட்ஸை எடுத்து வைத்தார். "மேலயிருந்து சாமான் விழற எடத்துக்கு இது." அடியில் தகடு வைத்ததை எடுத்தார். "ஆணி குத்தற எடத்துக்கு இது." முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸை எடுத்தார். "தண்ணி தேங்கற எடத்துக்கு இது." கடைசியாக ஒன்றைத் தட்டிக் காட்டினார். "மூணும் உங்க பட்டறையில இருக்குதுன்னா, மூணுக்கும் சேர்த்து இது ஒண்ணு போதும்."

மூவரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள்.

"மூணு ஆபத்தையும் ஒருத்தனே எடுத்துக்கிட்டா, மத்த ரெண்டு பேரு என்னத்தப் பண்றது?" என்றான் மருதாசலம்.

"பேராசைன்னு ஊரு பேசும்" என்றான் நாச்சிமுத்து.

"ஆளுக்கொண்ணா பிரிச்சுக்குவோம். சண்டையே வராது" என்றான் காளியண்ணன்.

அப்படியே பிரித்தார்கள். விழுகிற சாமான் மருதாசலத்துக்கு, ஆணி நாச்சிமுத்துவுக்கு, தண்ணீர் காளியண்ணனுக்கு.

மறுநாளிலிருந்து பட்டறையில் ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. வார்த்தெடுத்த இரும்பு வார்ப்பு ஒன்று கை நழுவப் பார்த்தது. மருதாசலம் அப்போது டீக்கடையில் இருந்தான். அவன் டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்து, வந்து காலை நீட்டும் வரைக்கும் மற்ற இருவரும் வார்ப்பை விழவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார்கள். வந்த பிறகு அவன் கால்மேல் போட்டார்கள். இத்தனை நேரம் பிடித்தவர்கள் கீழே இறக்கி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் கேட்கவில்லை.

அச்சு மணலை நனைக்க விட்ட தண்ணீர் தேங்கினால் காளியண்ணன் போய் அதில் நின்றான். "வழிச்சு ஊத்துடா" என்றார் மேஸ்திரி. "ஊத்திட்டா நான் எங்கீங்க நிக்கறது?" என்றான்.

பாவம் நாச்சிமுத்து. ஆணியே அகப்படாமல் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நண்பன் வேலையில்லாமல் இருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? மற்ற இருவரும் பழைய மரப்பெட்டியைப் பிரித்து, ஆணி நீட்டிய பலகைகளை அங்கங்கே போட்டு வைத்தார்கள். அவனும் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று மிதித்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனான். உலையோடு மல்லுக்கட்டிய மேஸ்திரி அவர்கள் காலை மட்டும்தான் பார்த்தார். பூட்ஸ் இருந்தது, ரத்தம் இல்லை. கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான், எல்லோரும் பூட்ஸ் போடுகிறார்களா என்று பார்க்கப் பம்பு கம்பெனியிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். அவர் காலில் மெல்லிய தோல் செருப்பு. முதலாளி பின்னாலேயே கைகட்டி நடந்தார். ஆபீசர் நின்ற இடத்துக்கு நேர் மேலே தொங்கிய வார்ப்பு சங்கிலியிலிருந்து மெல்ல நழுவியது.

"சார், தள்ளுங்க" என்று யாரும் கத்தவில்லை. "மருதாசலம்! உம்பட சாமான் விழுகுது!" என்றுதான் கத்தினார்கள்.

மருதாசலம் ஓடி வந்தான். "கொஞ்சம் நகருங்க சார்" என்று ஆபீசரை மரியாதையாக விலக்கிவிட்டுத் தன் காலை வைத்தான். டங்கென்று விழுந்தது. பூட்ஸில் ஒரு கீறல், காலுக்கு ஒன்றுமில்லை.

"பலே! பூட்ஸுன்னா இப்படித்தான் இருக்கணும்!" என்று ஆபீசர் பூரித்துப்போய் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அங்கே நாச்சிமுத்துவின் பலகை கிடந்தது.

அலறல் தெரு வரைக்கும் கேட்டது.

"நான் இங்கயேதானுங்க நிக்கறேன்" என்றான் நாச்சிமுத்து, கண்ணெல்லாம் கலங்கி. "ஒரு வார்த்தை கேக்காம எம்பட ஆணியை மிதிச்சுப்போட்டாருங்க."

செருப்பை மீறி ரத்தம் எட்டிப் பார்த்தது. முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி உலையைப் பார்த்தார். உள்ளே குதித்துவிடலாமா என்று யோசிப்பவர் போல இருந்தது.

"பட்டறைக்குள்ள ரத்தம் இருந்தாத்தானே மேஸ்திரி வேலை போகும்?" என்றான் காளியண்ணன்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆபீசரை அலேக்காகத் தூக்கினார்கள். ஒருவன் தோளை, ஒருவன் இடுப்பை, ஒருவன் தொடையைப் பிடித்து, கேட்டுக்கு ஓடி, கால் இரண்டும் வெளியே நீட்டியிருக்கப் படுக்கைவாக்கில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆபீசர் உள்ளே, ரத்தம் ரோட்டில்.

"பாத்துக்குங்க முதலாளி, உள்ள ஒரு சொட்டு இல்லீங்க. மேஸ்திரிக்கு வேலை உண்டுங்களா?" என்று கேட்டான் காளியண்ணன்.

"உண்டுடா, உண்டு! மொதல்ல அவரை எறக்குங்கடா!" என்று முதலாளி கதறினார். மேஸ்திரிக்கு உயிர் திரும்பி வந்தது.

மூவரும் கழுத்தை நீட்டி ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பிறகு மருதாசலம் பணிவாகச் சொன்னான்:

"உள்ள எறக்குனா ரத்தம் சிந்திரும். வெளிய எறக்கலாம்னா, அந்தப் பக்கம் லாரி வருதுங்க, இந்தப் பக்கம் நாய் வருதுங்க. ரெண்டுக்கும் தக்கன பூட்ஸ் எங்ககிட்ட இல்லீங்க. இன்னைக்குக் கடை வேற லீவு. நாளைக்குக் காத்தால வாங்கியாந்தர்றோம். அதுவரைக்கும் ஆடாமப் படுத்திருங்க சார்."