பூனை தும்மியது, படை திரண்டது

மாதம் மும்மாரி தவறாத ஒரு காலத்தில், கூவிளநாட்டை மாவிடங்கன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் தொட்டாற்சிணுங்கி. ஒருநாள் ஊஞ்சலிலிருந்து வழுக்கி விழுந்தான், சபையே சிரித்துவிட்டது. அன்றே சட்டம் போட்டான்: "இனி என் சபையில் பல் தெரிந்தால் பதவி போகும். கனமான விஷயம் கனமான முகத்திலிருந்துதான் வரும்!"

இந்த யோசனையைச் சொன்னவர் அழகியசோமர். பெயரில்தான் அழகு, முகம் பிறவியிலேயே இழவு வீட்டு முகம். அதை வைத்தே ராஜாவின் வலப்பக்கம் வரை வந்துவிட்டார் மனிதர். மந்திரி திருமேனியாரைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது.

ஐப்பசி மாதம். ஏரியைக் காத்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி சடையாண்டி சபைக்கு ஓடிவந்தான். பாவம், அவனுக்கு எப்போதும் சிரித்த முகம். அடித்தால்கூட அப்படித்தான் இருக்கும்.

"மகாராஜா, ஏரிக்கரையில நண்டு வளை விழுந்து தண்ணி கசியுதுங்க. இன்னிக்கு மழை பெஞ்சா கரை தாங்காது. ஆளு அனுப்புங்க சாமி!" என்றான், எல்லாப் பல்லும் தெரிய.

"நண்டாம், வளையாம்! ஆபத்தைச் சொல்ல வந்தவன் முகமா இது?" என்றார் சோமர்.

"இவன் வேலையைப் பிடுங்குங்கள்!" என்றான் ராஜா. வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மந்திரி நைசாக வெளியே போனார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி திரும்பி வந்தார்.

"அரசே, இதை எந்த வாயால் சொல்வேன்? அரண்மனைப் பூனை மூன்று முறை தும்மிவிட்டது."

ராஜா எழுந்தேவிட்டான். "மூன்று முறையா?"

"நேற்றே எனக்குக் கண் துடித்தது," என்று சோமர் நெஞ்சில் கை வைத்தார். "பெருங்கேடு, அரசே! படையைக் கூப்பிடுங்கள்!"

கொம்பு ஊதினார்கள். முற்றத்தில் இருநூறு வீரர்கள் வந்து நின்றார்கள். அதைப் பார்த்ததும் மந்திரி பல் தெரியச் சிரித்தார்.

"பூனை மிளகாய்ச் சாக்கில் மூக்கை விட்டது, அரசே. வேறொன்றுமில்லை. அதை அழுத முகத்தோடு சொன்னேன், படையே வந்துவிட்டது. கரை உடையப்போகிறது என்று ஒருவன் சிரித்த முகத்தோடு சொன்னான், அவன் வேலை போய்விட்டது. என் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களை மட்டும் ஏரிக்கு அனுப்புங்கள்!"

ராஜா சோமரைப் பார்த்தான். சோமர் கூரையைப் பார்த்தார்.

"எடுங்கடா மண்வெட்டியை!" என்று ராஜாவே முன்னால் ஓடினான்.

அங்கே சடையாண்டி இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நின்று, வளைக்குள் வைக்கோலையும் களிமண்ணையும் திணித்துக்கொண்டிருந்தான். வீரர்களும் இறங்கினார்கள். மழை கொட்டித் தீர்த்தது, கரை அசையவில்லை.

"உன்னைத்தான் வேலையை விட்டு நீக்கிவிட்டேனே, இங்கே ஏனப்பா நிற்கிறாய்?" என்று கேட்டான் ராஜா.

"வேலைதான சாமி போச்சு? ஏரி இருக்குதே!" என்றான் சடையாண்டி, அதே சிரிப்போடு.

ராஜா வெட்கப்பட்டான், பிறகு வாய்விட்டுச் சிரித்தான். வேலையோடு, ஏரிக்குக் கீழே நான்கு மா நஞ்சை நிலத்தையும் அவனுக்குக் கொடுத்தான். மந்திரிக்குத் தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினான்.

"சோமரே, உமக்கும் ஒரு பதவி உண்டு. மழைக்காலம் முடியும்வரை சடையாண்டிக்குக் களிமண் சுமக்க வேண்டும்."

பிறந்ததிலிருந்து தொங்கிய அந்த முகம் தொங்குவதற்கு அன்றுதான் ஒரு காரணம் கிடைத்தது.