ஸ்போர்ட் மோடில் ஒரு சாம்பார் அண்டா

நாச்சிமுத்து கீழே இருநூறு பேருக்குச் சாம்பார் வைத்தார். மலைமேல் போய்ச் சேர்ந்தது எண்பது பேருக்குத்தான்.

மிச்சம் வண்டியிலேயே இருந்தது. பின்தொட்டி முழுக்க முருங்கைக்காய் மிதந்தது. காதுகுத்து வீட்டார் நல்ல மனிதர்கள். தயிர்ச்சாதத்தை முன்னால் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்துவின் தங்கை புருஷன் பழனியப்பன் மட்டும் பந்தியில் உட்கார்ந்தபடி, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"என்னங்க மச்சான், இந்தத் தடவை வண்டிக்கும் இலை போட்டுட்டீங்களா?"

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. சேந்தமங்கலம் வட்டாரத்தில் சமையல் மாஸ்டர் என்றாலே அவர்தான். முப்பது வருஷத்தில் அவர் சமையலைப் பற்றி யாரும் சிரித்ததில்லை. அன்று சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் சாப்பிடவில்லை.

காரணம் இருந்தது. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பழனியப்பன் மகள் யாழினிக்குக் கல்யாணம். கொல்லிமலைமேல், செம்மேட்டில். அங்கே மண்டபத்துச் சமையல்கட்டின் கூரை மழைக்கு விழுந்து கிடந்தது. அடிவாரத்தில் காரவள்ளியில் சமைத்து மேலே கொண்டுபோக வேண்டும். நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். "தாய்மாமன் விருந்து என் பொறுப்பு" என்று நிச்சயதார்த்தத்தன்று சபையில் எழுந்து நின்று சொன்னவர் அவர்தான். அறுநூறு இலை.

வண்டி அவருக்குச் செல்லம். ஏற்காட்டு எஸ்டேட் முதலாளி ஒருவர் ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் அவருக்குக் கொடுத்தது. பார்த்தால் சரக்கு ஏற்றும் பிக்கப். முன்மூடியைத் திறந்தால் பந்தயக் காரின் எஞ்சின். கிளட்ச் கிடையாது. பத்து கியரும் தானாகவே மாறிக்கொள்ளும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ். அதைத் திருகினால் 'ஸ்போர்ட்' என்று சிவப்பாக எரியும்.

கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி நாமக்கல்லுக்கு ஓட்டிப் போனார். மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான்.

"பாக்ஸ்ல ஒரு குறையும் இல்லீங்க. காரவள்ளியில மாதேஸ்வரின்னு ஒருத்தங்க டிரைவிங் சொல்லித் தர்றாங்க. அவங்களப் போய்ப் பாருங்க."

மாதேஸ்வரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். மலையில் பிறந்தவள். ஓரகடம் பக்கம், புது வண்டிகள் கடைக்கு வருமுன் அவற்றை ஓட்டிப் பார்க்கும் வேலையில் ஏழு வருஷம் இருந்தவள். இப்போது அடிவாரத்து மேட்டு நிலத்தில் வளைந்து வளைந்து ஏறும் மண்பாதை ஒன்று போட்டு, மலை ஏறப்போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. என்னாச்சு வண்டிக்கு?"

"பைத்தியம் புடிச்சிருச்சுங்க டீச்சர்."

டீச்சர் என்று அழைக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது.

"என்ன பண்ணுதுங்க?"

"சாதாரணமா ஓட்டினா கியரை மாத்திட்டே இருக்குது. வளைவுக்குள்ள மேல போகுது, வெளிய வரும்போது கீழ விழுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உதை. சரி போன்னு ஸ்போர்ட்டைப் போட்டேன்."

"போட்டா?"

"இப்ப மாத்தவே மாட்டேங்குது. மூணாவதுலயே நின்னுட்டு ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துது. பயந்து காலை எடுத்தா, யாரோ பின்னால கயித்தைக் கட்டி இழுத்த மாதிரி நிக்குது. மறுபடி மிதிச்சா பாயுது. ஏன் டீச்சர் அது மேல் கியருக்குப் போக மாட்டேங்குது?"

மாதேஸ்வரி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பின்கதவைத் திறந்தாள். உள்ளே இரண்டு காலி அண்டாக்கள் இருந்தன.

"ஏறுங்க."

"எங்கீங்க?"

"அண்டாவுக்குப் பக்கத்துல."

"நான் ஓட்டக் கத்துக்க வந்தனுங்க."

"முதல்ல சாம்பாரா இருந்து பாருங்க."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

வண்டி மண்பாதையில் புறப்பட்டது. எஞ்சின் சத்தம் உயர்ந்தது, சட்டென்று அடங்கியது, மறுபடி உயர்ந்தது. முதல் வளைவில் அவர் இடப்பக்கம் சரிந்தார். இரண்டாவதில் அண்டாவைக் கட்டிக்கொண்டார். மூன்றாவதில் அண்டாவும் அவரும் ஒன்றாகப் பின்கதவில் போய் மோதினார்கள்.

வண்டி நின்றது. மாதேஸ்வரி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"இது நீங்க ஓட்டறது. இப்ப நான் ஓட்டறேன்."

அதே பாதை. வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. கூடியதாகத்தான் பட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் முன்னால் எஞ்சின் ஒரு சின்ன உறுமல் உறுமியது. வளைவுக்குள் ஒரே சுருதி. வெளியே வரும்போது அதே சுருதி மெல்ல மேலே ஏறியது. நாச்சிமுத்து அண்டாவை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. வண்டி நின்றபோது தோளில் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கியர் எத்தனை தடவை மாறுச்சுங்க?"

"மாறின மாதிரியே தெரியலீங்க டீச்சர்."

"கத்துச்சா?"

"கத்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா திட்டற மாதிரி இல்ல."

மறுநாளிலிருந்து அவர் ஓட்டினார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மாதேஸ்வரி சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று வைத்திருந்தாள்.

"பிரேக் இந்தக் கல்லுக்கு முன்னால. கல்லைத் தாண்டினப்புறம் பிரேக்கைத் தொடக்கூடாது."

"ஏனுங்க?"

"தொடக்கூடாதுங்க."

அதை அவர் இரண்டே நாளில் பழகிவிட்டார். சத்தத்தைத்தான் பழக முடியவில்லை. மூன்றாவது கியரில் எஞ்சின் உச்சத்துக்குப் போனதும் அவர் கால் சுட்டதுபோல ஆக்ஸிலரேட்டரை விட்டு மேலே வந்துவிடும். வண்டி முடங்கும். மறுபடி மிதிப்பார். வண்டி துள்ளும். எட்டு நாள் இதே கதை. ஒன்பதாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"எனக்கு வராதுங்க டீச்சர். அன்னிக்கு மட்டும் நீங்களே ஓட்டிருங்க."

"தாய்மாமன் யாருங்க? நானா?"

பக்கத்து இருக்கையில் இருந்த மாதேஸ்வரி வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"பந்தியில சாம்பார் வாளி எடுக்கறவன் ஒரு வரிசை முடிஞ்சதும் என்ன பண்ணுவானுங்க?"

"அடுத்த வரிசைக்குப் போவான்."

"அங்க இன்னும் சாதம் விழலைன்னா?"

"நிப்பான்."

"வாளியைக் கீழ வச்சிட்டுச் செத்த நேரம் உக்கார மாட்டானா?"

நாச்சிமுத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் ஆளு வைக்க மாட்டான். வாளி கையில, கரண்டி வாளியில. 'கொஞ்சம் சாம்பார்'னு குரல் வர்றதுக்குள்ள அங்க நிக்கணும். உக்காந்து, எந்திரிச்சு, வாளியைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரன் கையைக் கழுவிட்டுப் போயிருவான்."

"கை வலிக்காதுங்களா?"

"வலிக்கும். பந்தி முடிஞ்சு உக்காரட்டும்."

மாதேஸ்வரி விரலை நீட்டி, சிவப்பாக எரிந்த எழுத்தைக் காட்டினாள்.

"இதுக்கும் வலிக்கும்தானுங்க. பெட்ரோல் கூடத்தான் குடிக்கும்."

நாச்சிமுத்து அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். கல் வந்தது, பிரேக் போட்டார், எஞ்சின் உறுமியது, கல் போனது, காலை எடுத்தார். வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அவர் கால் மேலே வரப் பார்த்தது.

"நில்லு," என்றார் உரக்க. "வாளியோட நில்லு."

காலுக்குச் சொன்னாரா, வண்டிக்குச் சொன்னாரா என்று மாதேஸ்வரிக்குப் புரியவில்லை. இரண்டும் சொன்னபடி கேட்டன. வண்டி துள்ளாமல் அடுத்த கல்லுக்குப் போனது. நாச்சிமுத்து குழந்தைபோலச் சிரித்தார். அன்று இருட்டும்வரை அவரை இறக்கவே முடியவில்லை.

பதினெட்டாம் தேதி காலை எட்டரை மணிக்கு அண்டாக்களின் வாய்க்கு வெள்ளைத் துணி வேடு கட்டி ஏற்றினார்கள். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, பாயசம். வழியனுப்ப மாதேஸ்வரி சாலையோரம் வந்து நின்றிருந்தாள். பாடம் ஏதாவது சொல்வாள் என்று நாச்சிமுத்து காத்திருந்தார்.

"பாயசத்துல எனக்கு மிச்சம் வைங்க," என்றாள்.

முதல் பத்து வளைவுகளில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். இருபதுக்குமேல் வண்டியோடு பேச ஆரம்பித்தார். முப்பத்திரண்டாவது வளைவில் மேலிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்தது. ஓரம்கட்டி நின்று வழிவிட்டு, செங்குத்து ஏற்றத்தில் மறுபடி கிளம்பினார். பின்னால் ஓர் அண்டாகூடச் சத்தம் போடவில்லை. அறுபதுக்குமேல் மேகம் இறங்கிச் சாலை பாதி மறைந்தது. தட்டுத்தடுமாறித்தான் போனார். ஆனாலும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அந்தச் சின்ன உறுமல் தவறாமல் கேட்டது.

சோளக்காட்டுச் சந்தையில் கூட்டம். வண்டி ஊர்ந்துதான் போக முடிந்தது. அப்போதும் அது உறுமிக்கொண்டே இருந்தது. பலாப்பழம் விற்றவள் காதைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்து குமிழைத் திருகினார். சிவப்பு எழுத்து அணைந்தது. வண்டி அமைதியானது.

"போதும், உக்காரு," என்று அதைத் தட்டிக்கொடுத்தார்.

மண்டபத்து வாசலில் பழனியப்பன் பட்டு வேட்டியோடு காத்திருந்தார். வண்டி நின்ற வேகத்தில் பின்தொட்டியில் ஏறிக் குனிந்து பார்த்தார். சாம்பார் அண்டாவில் வேடு கட்டிய துணியைத் தொட்டார். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் கறை. அவ்வளவுதான்.

"கொஞ்சமாச்சும் சிந்தியிருக்கணுமே மச்சான்," என்றார் ஏமாற்றத்தோடு.

பந்தியில் அவரே மூன்று முறை சாம்பார் கேட்டு வாங்கினார். மூன்றாவது முறை, வாளியோடு நின்ற நாச்சிமுத்துவை நிமிர்ந்து பார்த்தார்.

"கியர்பாக்ஸை எங்க ரிப்பேர் பண்ணீங்க மச்சான்?"

"ரசத்துக்குச் சாதம் வைக்கச் சொல்லட்டுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

யாழினி மாலையும் கழுத்துமாகக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். "மாமா, எனக்குப் பாயசம் ரெண்டு கரண்டி," என்றாள். அவர் நான்கு கரண்டி ஊற்றினார்.

மாலையில் மலை இறங்கி, பாயசத் தூக்கோடு நேராகப் பயிற்சி நிலத்துக்குப் போனார். மாதேஸ்வரி கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். பலாப்பழக்காரி காதைப் பொத்தியதைக்கூட நடித்துக் காட்டினார். இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

"ஒண்ணு மட்டும் புரியலீங்க டீச்சர்."

"கேளுங்க."

"எழுபது வளைவு. ஒவ்வொண்ணு வர்றதுக்கு முந்தியே அது கியரை இறக்கி வச்சிக்குது. மேகத்துல எனக்கு ரோடே சரியாத் தெரியல. அப்பவும் தயாரா நின்னுச்சு. வளைவு வர்றது அதுக்கு எப்படீங்க தெரியுது?"

மாதேஸ்வரி தூக்கின் மூடியைத் திறந்தாள். முந்திரி ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"அது பொறந்ததிலிருந்து ஒரு வளைவைக்கூடப் பாத்ததில்லீங்கண்ணா," என்றாள். "உங்க காலைத்தான் பாத்துட்டிருக்குது."