ரெண்டாவது வயர்

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை. மறுநாள் காலை அங்கே ஒரு குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை. சென்னையிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் திரையில் பார்த்தபடி வழிகாட்டப் போகிறார். அதற்காக நெட்வொர்க் பொறியாளர் பலராமன் ரவுட்டரில் நான்கு கேபிள்களைச் சேர்த்து ஒரே இணைப்பாகக் கட்டியிருந்தார்.

"ஒண்ணு போனாலும் மீதி மூணு தாங்கும். பாருங்க, இணைப்பு பச்சை!" என்று தன் மடிக்கணினித் திரையைக் காட்டித் தலைமை மருத்துவர் மும்தாஜிடம் மார்தட்டினார்.

கேபிள் இழுக்க வந்த செல்லக்கனி ரவுட்டரையே உற்றுப் பார்த்தாள். "சார், இதுல ஒரு வயருதான் வேலை செய்யுது."

"உனக்கென்ன தெரியும்? கீபோர்டைத் தொடாம நிரூபி, பார்ப்போம்!"

"நான் எதையுமே தொடல சார். ஒண்ணு போனாலும் தாங்கும்னீங்களே, ரெண்டாவது வயரை நீங்களே உருவுங்க."

சிரித்துக்கொண்டே உருவினார். சோதனைக்காகத் திரையில் பேசிக்கொண்டிருந்த சென்னை டாக்டரின் முகம் அப்படியே உறைந்தது.

மும்தாஜ் திகைத்துப்போனார். "எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"நாலு வயரு பக்கத்துலயும் விளக்கு எரிஞ்சுது டாக்டர். ஆனா ரெண்டாவது மட்டும்தான் கண்சிமிட்டுச்சு. தகவல் போற வயருதான் சிமிட்டும். ஒண்ணு ஓடினாலே சாரோட மடிக்கணினி பச்சைதான் காட்டும்."

பலராமன் உருவிய வயரைத் திரும்பச் செருகி, எதிர்முனைக் கருவியின் அமைப்பில் சேர்க்காமல் விட்ட மற்ற மூன்றையும் சேர்த்தார். நான்கு விளக்குகளும் சிமிட்டின. செல்லக்கனி ஒவ்வொன்றாக உருவி உருவிச் செருகினாள். சென்னை டாக்டர் ஒரு சொல்கூடத் தடைபடாமல் பேசிக்கொண்டே இருந்தார். மும்தாஜ் அந்தக் கைகளையே பார்த்தார்.

பிறகு பலராமனிடம் திரும்பினார். "நாளைக்கு ரவுட்டர் பக்கத்துல செல்லக்கனி உட்காரட்டும். அவங்க சொல்ற வயரை மட்டும் நீங்க தொடுங்க."